சி ஷார்ப் ஆட்-இன்னை டைனமோ ஸ்கிரிப்டாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட மாடல் வரையும் மென்பொருளான ரெவிட்டுக்காக யாரோ சி ஷார்ப் மொழியில் எழுதிய ஆட்-இன் (துணை நிரல்) கையில் இருக்கிறது. அதை, நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோ இல்லாமல், டைனமோவுக்குள் ஒரு பைதான் நோடாக ஓட்டவேண்டும். டைனமோ என்பது ரெவிட்டுக்குள் நோடு எனும் கட்டங்களை ஒன்றோடொன்று இணைத்து நிரலாக்கும் கருவி; அப்படி இணைத்த தொகுப்பைக் கிராஃப் என்பார்கள். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களைத்தான் கீழே தொகுத்திருக்கிறோம். எல்லாப் பதில்களுக்கும் ஒரே எடுத்துக்காட்டு: மாடலில் உள்ள ஒவ்வொரு அறையிலும், அறையின் இருப்பிடப் புள்ளியில் ஒரு விளக்கை வைக்கும் சிறிய ஆட்-இன்.

கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் எழுதவேண்டும்.

1. ஆட்-இன், டைனமோ ரெண்டுமே ஒரே ரெவிட் ஏபிஐ-யைத்தானே கூப்பிடுது? அப்புறம் எதுக்கு மாத்தணும்?

ஒரே ஏபிஐதான் (வெளி நிரல்கள் ரெவிட்டை இயக்கக் கூப்பிடும் கட்டளைத் தொகுப்பு). அறைகளைத் தேடும் வரி, விளக்கை வைக்கும் வரி, அளவுருவை எழுதும் வரி எல்லாம் பெயர் மாறாமல் அப்படியே வரும். நிரலைச் சுற்றியிருக்கும் சூழல்தான் வேறு. ஆட்-இன்னை ரெவிட் கூப்பிடுகிறது. கூப்பிடும்போதே திறந்திருக்கும் கோப்பையும் கையில் கொடுக்கிறது. நிரல் ஒரு முறை ஓடும், வெற்றியா தோல்வியா என்று சொல்லும், முடிந்துபோகும்.

டைனமோ நோடுக்கு யாரும் எதையும் கையில் கொடுப்பதில்லை. கோப்பை அதுவே கேட்டு வாங்கவேண்டும். டிரான்சாக்ஷனை (மாடலில் செய்யும் மாற்றங்களை ஒரே கட்டாகத் திறந்து பதிவுசெய்யும் முறை) மற்ற நோடுகளோடு பகிரவேண்டும். விடையை அடுத்த நோடுக்குப் புரிகிற வடிவில் தரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே கிராஃப் பத்து முறை ஓடும் என்பதை மனதில் வைத்து எழுதவேண்டும். சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன. சி ஷார்ப்புக்கும் பைதானுக்கும் உள்ள இலக்கண வேறுபாட்டிலிருந்து வருபவை குறைவு.

2. முதல்ல எந்த வரிகளைத் தூக்கணும், அந்த இடத்துல எதை வெக்கணும்?

மேலே இருக்கும் யூசிங் வரிகள், கிளாஸ் தலைப்பு, அதன் மேல் சதுர அடைப்பில் இருக்கும் டிரான்சாக்ஷன் குறிப்பு, எக்ஸிக்யூட் என்ற மெத்தடின் தலைப்பு, கடைசியில் ரிசல்ட்.சக்சீடட் திருப்பும் வரி ஆகிய எல்லாவற்றையும் நீக்குங்கள். எக்ஸிக்யூட்டின் உள்ளே இருப்பதுதான் உங்களுக்கு வேண்டிய சரக்கு.

அவற்றின் இடத்தில், பைதானை டாட் நெட்டோடு (சி ஷார்ப் நிரல்கள் ஓடும் தளம்) இணைக்கும் சிஎல்ஆர்-ஐ இம்போர்ட் செய்து, ஆட்ரெஃபரன்ஸ் மூலம் ரெவிட்ஏபிஐ, ரெவிட்சர்வீசஸ், ரெவிட்நோட்ஸ் மூன்றையும் சேருங்கள். ஆட்-இன்னில் கமாண்ட்டேட்டாவிலிருந்து டாக்குமென்ட்டை எடுத்த வரிக்குப் பதிலாக டாக்குமென்ட்மேனேஜர்.இன்ஸ்டன்ஸ்.கரன்ட்டிபிடாக்குமென்ட் என்று எழுதுங்கள். யூஐஅப்ளிகேஷன் தேவைப்பட்டால் அதே இன்ஸ்டன்ஸில் கரன்ட்யூஐஅப்ளிகேஷன் இருக்கிறது.

ஆட்டோடெஸ்க்.ரெவிட்.டிபி-யிலிருந்து நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் இம்போர்ட் செய்தாலும் அதன் உட்பிரிவுகள் வந்துவிடாது. விளக்கு வைக்கும்போது தேவைப்படும் ஸ்ட்ரக்சுரல்டைப் இருப்பது டிபி.ஸ்ட்ரக்சரில். ரூம் கிளாஸ் இருப்பது டிபி.ஆர்க்கிடெக்சரில். இவற்றைத் தனித்தனியாக இம்போர்ட் செய்யவேண்டும்.

3. எனக்கு சி ஷார்ப் சுத்தமா தெரியாது. படிச்சு மாத்த முடியுமா?

முடியும். அரைப்புள்ளிகளும் சுருள் அடைப்புகளும் போய், உள்தள்ளல் வரும். மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் நல், பைதானில் நன் ஆகும். மாறியின் பெயருக்கு முன்னால் இருக்கும் வகைப் பெயரை நீக்கலாம், நியூ என்ற சொல்லையும் நீக்கலாம். ஆஸ் வால், ஆஸ் ஃபேமிலிஇன்ஸ்டன்ஸ் போன்ற வகைமாற்றங்கள் பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் அந்த வரியை அடுத்து "மதிப்பு நல்தானா?" என்று ஒரு சோதனை இருந்தால் அதைத் தூக்கிவிடாதீர்கள். அங்கே வகையைச் சோதிக்கிறார்கள் என்று பொருள். பைதானில் ஐஸ்இன்ஸ்டன்ஸ் போடுங்கள்.

வேர், செலக்ட், ஃபர்ஸ்ட்ஆர்டிஃபால்ட் என்று புள்ளி வைத்துத் தொடரும் சங்கிலிதான் லிங்க் (சி ஷார்ப்பில் பட்டியலைச் சலிக்கும் வசதி). இதை பைதானின் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனாக மாற்றுங்கள். ஆனால் ஆஃப்கேட்டகரி, ஆஃப்கிளாஸ், வேர்எலிமென்ட்இஸ்நாட்எலிமென்ட்டைப் ஆகியவை ரெவிட்டின் சொந்த வடிகட்டிகள். அவற்றை அப்படியே விடுங்கள். அவற்றை எடுத்துவிட்டு பைதானில் வடிகட்டினால் பெரிய மாடலில் வேகம் படுத்துவிடும்.

கண்ணில் படாமல் நழுவுகிற ஒன்று வகுத்தல். சி ஷார்ப்பில் இரண்டு முழு எண்களை வகுத்தால் 7/2 என்பது 3. பைதான் 3-இல் 3.5. முழு எண் வேண்டுமென்றால் இரட்டைச் சாய்கோடு போடவேண்டும். குறை எண்களில் அதுவும் ஒத்துவராது: -7-ஐ 2-ஆல் வகுத்தால் சி ஷார்ப் -3 தரும், பைதானின் இரட்டைச் சாய்கோடு -4 தரும். வரிசை எண் வைத்து விளக்குகளைச் சமஇடைவெளியில் பிரிக்கும் நிரல்களில் இதைக் கவனியுங்கள்.

4. டிரான்சாக்ஷன் ஸ்டார்ட், கமிட் வரிகளை அப்படியே வெச்சேன். ஒரு கிராஃப்ல ஓடுது, இன்னொண்ணுல "புது டிரான்சாக்ஷன் தொடங்க அனுமதி இல்ல"ன்னு வருது. ஏன்?

ரெவிட்டில் ஒரு கோப்புக்கு ஒரு நேரத்தில் ஒரு டிரான்சாக்ஷன்தான் திறந்திருக்கலாம். டைனமோவின் நோடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே டிரான்சாக்ஷனைப் பகிர்ந்துகொள்கின்றன. மாடலை மாற்றும் முதல் நோடு அதைத் திறக்கும். ஓட்டம் முடியும்போது டைனமோ மூடும். உங்கள் பைதான் நோடு தனியாக இருந்த கிராஃபில் யாரும் திறக்கவில்லை, அதனால் ஓடியது. வேறொரு நோடு முன்னால் வந்ததும் மோதிவிட்டது.

எனவே புதிய டிரான்சாக்ஷன் உருவாக்கும் வரியையும் ஸ்டார்ட்டையும் நீக்கிவிட்டு டிரான்சாக்ஷன்மேனேஜர்.இன்ஸ்டன்ஸ்.என்ஷூர்இன்டிரான்சாக்ஷன் என்று எழுதி, அடைப்புக்குள் டாக்குமென்ட்டைக் கொடுங்கள். கமிட் இருந்த இடத்தில் டிரான்சாக்ஷன்டாஸ்க்டன். இது "என் பங்கு முடிந்தது" என்று சொல்வது மட்டுமே, கமிட் அல்ல. அந்த வரி ஓடியவுடன் மாடலில் எல்லாம் பதிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த அடி வைக்காதீர்கள்.

ஆட்-இன்னில் கமிட்டோடு கணக்கீடும் சேர்ந்து நடந்துவிடும்: புதிய விளக்கின் வடிவியல், இருப்பிடம் எல்லாம் புதுப்பிக்கப்பட்டிருக்கும். டைனமோவில் அது நடக்காததால், வைத்த பொருளை அதே நோடுக்குள் அளக்கவோ திருப்பவோ போகிறீர்கள் என்றால் இடையில் டாக்குமென்ட்டின் ரீஜெனரேட்டைக் கூப்பிடுங்கள். ஃபேமிலிசிம்பலின் (வைக்கப்போகும் விளக்கு வகை) ஐஸ்ஆக்டிவ் பொய் என்று வந்தால் ஆக்டிவேட் செய்து, ரீஜெனரேட் செய்து, அதன் பிறகே நியூஃபேமிலிஇன்ஸ்டன்ஸ்.

5. நோடுலேர்ந்து வர்ற சுவரை பைதான்ல எடுத்தா, ஏபிஐ-ல இருக்கிற ப்ராப்பர்ட்டி எதுவுமே இல்லைங்கிறான்.

டைனமோ நோடுகளுக்கு இடையே ஓடுவது ரெவிட்டின் சுவரே அல்ல. அதன்மேல் டைனமோ போட்ட உறை. உறையைப் பிரிக்க அன்ராப்எலிமென்ட். உள்ளே வரும் எதையும் முதல் வரியிலேயே இப்படிப் பிரித்துவிடுங்கள். பட்டியலையும் அது பிரித்துத் தரும்.

வெளியே அனுப்பும்போது உறையை மறுபடி போட டுடிஎஸ்டைப். இதற்கு ரெவிட்.எலிமென்ட்ஸின் எக்ஸ்டென்ஷன்களை சிஎல்ஆர் வழியாக இம்போர்ட் செய்திருக்கவேண்டும். அடைப்புக்குள் போடும் உண்மை-பொய் அலங்காரத்துக்கு இல்லை. உண்மை என்றால் அந்தப் பொருள் ரெவிட்டுக்குச் சொந்தம். பொய் என்றால் இந்த ஸ்கிரிப்ட் உருவாக்கியது, டைனமோவுக்குச் சொந்தம். மாடலில் ஏற்கனவே இருந்த சுவருக்குப் பொய் என்று போட்டால், அடுத்த ஓட்டத்தில் டைனமோ அதைத் தன் பழைய பொருளாக எண்ணி அழிக்க வாய்ப்புண்டு. தேடி எடுத்தவற்றுக்கு எப்போதும் உண்மை.

6. விளக்கை 2700 மி.மீ. உயரத்துல வெச்சேன். மாடல்ல காணவே காணோம்!

மேலே தேடுங்கள், 823 மீட்டர் உயரத்தில் இருக்கும். ரெவிட் ஏபிஐ நீளத்தை எப்போதும் அடியில்தான் வாங்கும். திட்டத்தின் அலகு எதுவாக இருந்தாலும் இதே கதைதான். 2700 என்று கொடுத்தால் 2700 அடி. 304.8-ஆல் வகுத்து 8.858 என்று கொடுக்கவேண்டும். கோணம் ரேடியனில்: 90 பாகைக்கு 1.5708. பரப்பளவு சதுர அடியில்: ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி.

ஆட்-இன் எழுதியவர் எங்காவது தலைப்பில் ஒரு மாறிலியை வைத்து இந்த மாற்றத்தைச் செய்திருப்பார். அதைச் சேர்த்து எடுத்து வராமல் விட்டால் மேலே சொன்ன கதி. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. டைனமோ புள்ளியை டுஎக்ஸ்ஒய்இசட் மூலம் ரெவிட் புள்ளியாக்கும்போது அலகு மாற்றமும் சேர்ந்தே நடக்கிறது. அதன்பின் பழைய நிரலில் இருந்த வகுத்தலும் நின்றால் இரண்டு முறை வகுபடும். 200 மி.மீ. கோடு 0.66 மி.மீ. ஆகிவிடும், ரெவிட் ஏற்கும் குறைந்தபட்ச நீளம் சுமார் 0.78 மி.மீ. என்பதால் "கோடு மிகச் சிறியது" என்று பிழை வரும். இந்தப் பிழையைப் பார்த்தால் வடிவியலைச் சந்தேகிக்கும் முன் இரட்டை வகுத்தல் இருக்கிறதா என்று பாருங்கள்.

டைனமோவின் செட்பாராமீட்டர்பைநேம் நோடு திட்டத்தின் அலகில் வாங்கும். பைதானுக்குள் பாராமீட்டரின் செட் அடியில் வாங்கும். பாதி வேலை நோடிலும் பாதி பைதானிலும் இருந்தால் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

7. லைன்.கிரியேட்பவுண்ட் ஏபிஐ ஆவணத்துல இருக்கு. ஆனா "லைனுக்கு அப்படி எதுவும் இல்ல"ன்னு பிழை வருது.

இரண்டு லைன்கள் இருக்கின்றன: ரெவிட்டின் லைன், டைனமோவின் டிசைன்ஸ்கிரிப்ட் லைன். புதிய பைதான் நோடைத் திறந்தாலே டிசைன்ஸ்கிரிப்ட் ஜியாமெட்ரியை நட்சத்திரம் போட்டு இம்போர்ட் செய்யும் வரி இருக்கும். ரெவிட் இம்போர்ட்டுக்குப் பின்னால் அது வந்தால், பின்னால் வந்தது முன்னதை மறைத்துவிடும். பாயின்ட், கர்வ், ஆர்க், ஃபேஸ், சாலிட் எல்லாவற்றுக்கும் இதே மோதல்.

டிசைன்ஸ்கிரிப்ட்டுக்கு டிஎஸ் என்று ஒரு செல்லப்பெயர் வைத்து இம்போர்ட் செய்துவிட்டால் தீர்ந்தது: டிஎஸ்.லைன் ஒன்று, வெறும் லைன் இன்னொன்று. ரெவிட்.எலிமென்ட்ஸையும் நட்சத்திரம் போட்டு இழுக்காதீர்கள். அதிலும் ஒரு வால், ஒரு ரூம் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து நமக்கு வேண்டியது 5-ஆம் பதிலில் சொன்ன எக்ஸ்டென்ஷன் மட்டும்.

8. எலிமென்ட்ஐடி லிஸ்ட்டைக் குடுத்தா வாங்க மாட்டேங்குது.

பைதானின் பட்டியல் வேறு, டாட் நெட்டின் லிஸ்ட் வேறு. ஐகலெக்ஷன் கேட்கும் இடத்தில் சிஸ்டம்.கலெக்ஷன்ஸ்.ஜெனரிக்கிலிருந்து லிஸ்ட்டை எடுத்து, சதுர அடைப்பில் எலிமென்ட்ஐடி என்று வகை சொல்லி உருவாக்கி, ஒவ்வொன்றாக ஆட் செய்து கொடுங்கள். சி ஷார்ப்பில் கோண அடைப்பில் இருக்கும் வகைப் பெயர் பைதானில் சதுர அடைப்புக்குள் போகும்.

9. அவுட், ரெஃப்னு வர்ற மெத்தடை எப்படிக் கூப்பிடுறது?

விளக்கு கூரையைத் தொடும் இடம் கண்டுபிடிக்க ஃபேஸின் இன்டர்செக்ட்டைக் கூப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். சி ஷார்ப்பில் கோட்டைக் கொடுத்து, அவுட் (மெத்தட் விடையை எழுதித் தரும் இடம்) என்று இன்டர்செக்ஷன்ரிசல்ட்அரே ஒன்றை நீட்டுவார்கள். டைனமோவின் பைதான் எஞ்சின்களில் ஒன்றான அயர்ன்பைதானில் சிஎல்ஆர்.ரெஃபரன்ஸ் மூலம் வெற்றுப் பெட்டி ஒன்றை உருவாக்கி, அதைக் கொடுத்துவிட்டு, பின்னர் அதன் வேல்யூவைப் படிக்கவேண்டும்.

இன்னொரு எஞ்சினான சிபைதானில் அந்தப் பெட்டி கிடையாது. வெற்று இன்டர்செக்ஷன்ரிசல்ட்அரே ஒன்றை இடத்தை நிரப்பக் கொடுங்கள். மெத்தட் ஒரு ஜோடியைத் திருப்பும்: முதலில் வழக்கமான விடை, இரண்டாவது அவுட் மதிப்பு. இரண்டு மாறிகளில் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் உள்ளே கொடுத்த வெற்று அரேயைப் பிறகு எட்டிப் பார்த்தால் அதில் எதுவும் இருக்காது.

10. அயர்ன்பைதானா, சிபைதானா? எதுல மாத்தறது நல்லது?

யார் எந்த ரெவிட்டில் ஓட்டப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. டைனமோ 2.7-இல் சிபைதான்3 வந்தது. அதுவரை அயர்ன்பைதான் 2.7 மட்டும்தான். ரெவிட் 2023-உடன் வந்த டைனமோ 2.13 முதல் அயர்ன்பைதான் உள்ளிணைப்பாக இல்லை. தனிப் பேக்கேஜாக நிறுவவேண்டும். ஆக, டைனமோ 3 வரையிலான பதிப்புகளுக்குப் புதிதாக எழுதுவதை சிபைதானிலேயே எழுதுங்கள். பிறர் கணினியில் பேக்கேஜ் இருக்கிறதா என்ற கவலை இல்லாமல் போகும்.

இருந்தாலும் மொழிபெயர்ப்பு என்று பார்த்தால் அயர்ன்பைதான்தான் சி ஷார்ப்புக்கு நெருக்கம். அது டாட் நெட்டின் மேலேயே கட்டப்பட்ட பைதான். இன்டர்ஃபேஸ்கள் (ஒரு கிளாஸில் இருந்தே ஆகவேண்டிய மெத்தடுகளின் பட்டியல்) சிக்கலில்லாமல் வேலை செய்யும். சிபைதான் வெளியிலிருந்து ஒரு பாலம் வழியாக டாட் நெட்டைத் தொடுகிறது. அந்தப் பாலத்தில்தான் இடறல்கள். பதிலுக்கு நம்பை, பாண்டாஸ் போன்ற பைதான் நூலகங்கள் கிடைக்கும். பைதான்நெட்3 என்ற புதிய எஞ்சின் முதலில் பேக்கேஜாக வந்தது; டைனமோ 4.0 முதல் அதுவே இயல்பான எஞ்சின்.

எஞ்சின் தேர்வு ஒவ்வொரு நோடுக்கும் தனித்தனியாகக் கோப்பில் சேமிக்கப்படுகிறது. ஒரே கிராஃபில் இரண்டும் கலந்திருக்கலாம். பழைய நோடை மாற்றும்போது பைதான் எடிட்டரில் உள்ள மைக்ரேஷன் உதவி பிரிண்ட் போன்ற பைதான் 2-3 வேறுபாடுகளைக் காட்டித் தரும். 9-ஆம், 11-ஆம் பதில்களில் உள்ள டாட் நெட் வேறுபாடுகளை நீங்கள்தான் பார்க்கவேண்டும். அயர்ன்பைதானில் மட்டும் வரும் ஒன்று: ஃபேமிலிசிம்பல், வால்டைப் போன்றவற்றில் நேம் என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். பில்ட்இன்பாராமீட்டரில் சிம்பல் நேம் பாராம் வழியாகப் படித்தால் எந்த எஞ்சினிலும் ஓடும்.

11. ஆட்-இன்ல ஐசெலக்ஷன்ஃபில்டர் கிளாஸ் ஒண்ணு இருக்கு. முதல் தடவை ஓடுது, ரெண்டாவது தடவை "டூப்ளிகேட் டைப்"னு நிக்குது.

சிபைதானில் வரும் சிக்கல் இது. டாட் நெட் இன்டர்ஃபேஸை ஏற்கும் பைதான் கிளாஸுக்குள் நேம்ஸ்பேஸ் என்ற சிறப்புப் பண்பைக் கொடுக்கவேண்டும் (இரு பக்கமும் இரட்டை அடிக்கோடு). அந்தப் பெயரில் ஒரு உண்மையான டாட் நெட் வகை உருவாகி, ரெவிட்டை மூடும்வரை நினைவகத்தில் நிற்கும். அடுத்த ஓட்டம் அதே பெயரில் மறுபடி உருவாக்கப் பார்க்கிறது, பழையது வழிமறிக்கிறது.

ஒவ்வொரு ஓட்டத்திலும் நேம்ஸ்பேஸ் பெயரின் வாலில் ஒரு தற்செயல் எண்ணைச் சேர்ப்பதுதான் நடைமுறை வழி. ஆனால் ஐஃபேமிலிலோட்ஆப்ஷன்ஸ் போல, மெத்தடுக்குள்ளேயே அவுட் மதிப்பை எழுதவேண்டிய இன்டர்ஃபேஸ் என்றால் சிபைதானோடு மல்லுக்கட்டவேண்டாம். அந்த ஒரு நோடை மட்டும் அயர்ன்பைதானில் வையுங்கள், அல்லது 18-ஆம் பதிலைப் பாருங்கள்.

12. ஒவ்வொரு தடவை ரன் அழுத்தும்போதும் ஒரே இடத்துல விளக்கு மேல விளக்கு வந்து உக்காருது.

ஆட்-இன் எழுதியவர் "பொத்தானை ஒரு முறைதான் அழுத்துவார்கள்" என்று நினைத்து எழுதியிருப்பார். டைனமோவின் சொந்த நோடுகள் தாம் உருவாக்கிய பொருளை நினைவில் வைத்து, அடுத்த ஓட்டத்தில் அதையே நகர்த்தும். பைதான் நோடில் நேரடியாக ஏபிஐ-யைக் கூப்பிடும்போது அந்த நினைவை நம்பி இருக்கமுடியாது. கோப்பை மூடித் திறந்தாலும் சரியாக நடந்துகொள்ளும்படி நீங்களே எழுதவேண்டும். மாற்றும் வேலையில் உண்மையாகவே புதிதாக யோசிக்கவேண்டிய இடம் இதுதான். நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

விளக்கை வைக்கும்போதே அதன் கமெண்ட்ஸ் அளவுருவில் அறையின் யூனிக்ஐடி-யை எழுதிவிடுங்கள். அலுவலகத்தில் கமெண்ட்ஸை வேறு எதற்காவது பயன்படுத்தினால் தனியாக ஒரு ஷேர்ட் பாராமீட்டர் வையுங்கள். அடுத்த ஓட்டத்தின் தொடக்கத்தில், அந்த ஃபேமிலியின் விளக்குகளை எல்லாம் தேடி, யூனிக்ஐடி-யைச் சாவியாக வைத்து ஒரு டிக்‌ஷனரி கட்டுங்கள். பிறகு ஒவ்வொரு அறைக்கும்: டிக்‌ஷனரியில் விளக்கு இருந்தால் அதன் லொகேஷனின் பாயின்ட்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதிதாக வையுங்கள். கடைசியில், அறை அழிக்கப்பட்டதால் யாரும் உரிமை கோராமல் டிக்‌ஷனரியில் மிஞ்சும் விளக்குகளை டெலிட் செய்யலாம்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி வைப்பது சுலபமாகத் தோன்றும். அப்படிச் செய்தால் விளக்கின் எலிமென்ட்ஐடி மாறும். அதற்குப் போட்ட டேக், பரிமாணம், மின்சுற்று இணைப்பு எல்லாம் போய்விடும். வரைபடத் தாளில் வேலை தொடங்கியபின் இது பெரிய இழப்பு.

13. மாடல்ல புதுசா நாலு அறை சேர்த்தேன். ரன் அழுத்தினா பழைய அறைகள் மட்டும்தான் வருது.

உள்ளீடும் நிரலும் மாறாத நோடை டைனமோ மறுபடி ஓட்டாது. முந்தைய விடையையே கொடுக்கும். உங்கள் பைதான் நோடு அறைகளைத் தானே தேடிக்கொள்கிறது, உள்ளீடு எதுவும் இல்லை. ஆகவே எதுவும் மாறவில்லை என்று டைனமோ முடிவு செய்கிறது. ஒரு பூலியன் நோடை உள்ளீடாக இணைத்து, ஓட்டும் முன் உண்மை-பொய்யை மாற்றினால் நோடு மீண்டும் ஓடும். அந்த மதிப்பை நிரலில் பயன்படுத்தக்கூட வேண்டியதில்லை.

அதே காரணத்தால், இடையில் கையால் அழித்த விளக்கைப் பழைய விடையிலிருந்து எடுக்கும் நோடு "பொருள் செல்லாது" என்று பிழை தரும். இதுவும் பூலியனில் சரியாகும். மாடலை மாற்றும் கிராஃபை ஆட்டோமேட்டிக்கில் விடாதீர்கள், மேனுவலில் வையுங்கள்.

14. பைதான் நோடுக்கு லேசிங் வேலை செய்யலையே?

செய்யாது. மற்ற நோடுகள் பட்டியலின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு முறை ஓடும்; உறுப்புகளை எப்படி ஜோடி சேர்ப்பது என்ற அமைப்புதான் லேசிங். பைதான் நோடு முழுப் பட்டியலையும் வாங்கி ஒரே ஒரு முறை ஓடும். சுழற்சியை நீங்கள்தான் எழுதவேண்டும். ஒற்றைப் பொருள் வந்தாலும் பட்டியலாக வந்தாலும் ஓடும்படி, உள்ளே வந்தது பட்டியல் இல்லையென்றால் அதைப் பட்டியலுக்குள் போடும் ஒரு வரியைத் தொடக்கத்தில் வையுங்கள்.

15. ஆட்-இன்ல ஒரு ஃபார்ம் இருக்கு, பயனர் பொருளைத் தேர்வு பண்ற வசதியும் இருக்கு. இதையெல்லாம் என்ன பண்றது?

ஃபார்மை மொழிபெயர்க்காதீர்கள். அதில் பயனர் நிரப்பும் ஒவ்வொரு பெட்டியையும் ஒரு உள்ளீட்டு நோடாக்குங்கள்: எண்ணுக்கு ஸ்லைடர், விளக்கு வகைக்கு ஃபேமிலி டைப்ஸ், ஆம்-இல்லைக்கு பூலியன். அவற்றில் இஸ் இன்புட் என்பதை டிக் செய்தால் டைனமோ பிளேயரில் (கிராஃபைத் திறக்காமலே ஓட்டும் பலகை) தானாகவே ஒரு படிவம்போல் வந்துவிடும். அதற்கு மேல் நேர்த்தி வேண்டுமென்றால் டேட்டா-ஷேப்ஸ் பேக்கேஜ் இருக்கிறது.

பிக்ஆப்ஜெக்ட் பைதான் நோடிலும் ஓடும். பயனர் எஸ்கேப் அழுத்தினால் ஆபரேஷன்கேன்சல்ட் பிழை வரும். அதைப் பிடித்து வெற்றுப் பட்டியல் திருப்புங்கள். செலக்ட் மாடல் எலிமென்ட்ஸ் நோடு இந்தத் தொல்லையே இல்லாமல் அதே வேலையைச் செய்கிறது.

16. எடிட்ஃபேமிலி வரியில மட்டும் நின்னு போகுது.

4-ஆம் பதிலின் மறுபக்கம் இது. எடிட்ஃபேமிலிக்கு டிரான்சாக்ஷன் எதுவும் திறந்திருக்கக்கூடாது. முன்னால் ஓடிய நோடு திறந்துவைத்ததை ஃபோர்ஸ்குளோஸ்டிரான்சாக்ஷன் மூலம் மூடிவிட்டுக் கூப்பிடுங்கள். திறந்த ஃபேமிலி கோப்பு வேறு டாக்குமென்ட்; அதற்குள் மாற்றம் செய்ய ஆட்-இன்னில் இருந்த பழைய டிரான்சாக்ஷன், ஸ்டார்ட், கமிட் வரிகளையே அப்படியே வைக்கலாம்.

டிரான்சாக்ஷன்குரூப்புக்கும் இதே விதி: முதலில் ஃபோர்ஸ்குளோஸ், பிறகு குரூப், அதற்குள் உங்கள் சொந்த டிரான்சாக்ஷன்கள். எச்சரிக்கைப் பெட்டிகளை அடக்கும் ஐஃபெயிலியர்ஸ்ப்ரீபிராசசரும் சொந்த டிரான்சாக்ஷனோடுதான் வேலை செய்யும்.

17. நடுவுல பிழை வந்து நோடு மஞ்சளாச்சு. ஆனா பாதி விளக்கு மாடல்ல வந்துடுச்சு. ஆட்-இன்ல இப்படி நடக்காதே?

ஆட்-இன்னில் யூசிங் கட்டத்துக்குள் பிழை வந்தால் டிரான்சாக்ஷன் கமிட் ஆகாமல் சுருண்டுவிடும். டைனமோவில் டிரான்சாக்ஷன் உங்களுடையது இல்லை. உங்கள் நோடு பாதியில் நின்றாலும் ஓட்டத்தின் முடிவில் டைனமோ அதைக் கமிட் செய்யும். "எல்லாம் அல்லது எதுவுமில்லை" வேண்டுமென்றால், என்ஷூர்இன்டிரான்சாக்ஷனுக்குப் பின் ஒரு சப்டிரான்சாக்ஷன் தொடங்கி, டிரை கட்டத்தின் முடிவில் கமிட், எக்செப்ட்டில் ரோல்பேக் போடுங்கள்.

இந்த எடுத்துக்காட்டில் பிழைக்குப் பெரும்பாலும் காரணம் வைக்கப்படாத அறைகள்தான். பட்டியலில் மட்டும் இருந்து, மாடலில் இடம் கொடுக்கப்படாத அறைக்கு லொகேஷன் நன் என்று வரும். அதில் பாயின்ட் கேட்டவுடன் நிரல் நின்றுவிடும். லொகேஷன் இருப்பவற்றை மட்டும் முதலிலேயே பிரித்துக்கொண்டு, விட்டுப்போன அறைகளின் எண்களை விடையோடு சேர்த்து வெளியே அனுப்புங்கள். பயனருக்கு அந்தப் பட்டியல் தேவை.

18. நிரல் ரொம்பப் பெருசு. மாத்தாம டிஎல்எல்-ஆவே டைனமோக்குள்ள கொண்டுவர முடியாதா?

டிஎல்எல்-ஆகவே (கம்பைல் செய்த நிரல் கோப்பு) கொண்டுவர முடியும், ஆயிரக்கணக்கான வரிகள் இருந்தால் அதுவே சரியான வழி. ஜீரோ-டச் என்பார்கள். எக்ஸிக்யூட்டுக்குள் இருக்கும் வேலையைப் பப்ளிக் ஸ்டாட்டிக் மெத்தடாகப் பிரித்து எழுதி, கன்ஸ்ட்ரக்டரை பிரைவேட் ஆக்கி, டிஎல்எல்-ஐ இம்போர்ட் லைப்ரரி வழியாகச் சேர்த்தால் ஒவ்வொரு மெத்தடும் ஒரு நோடாகத் தெரியும். உள்ளே வருவது உறை போட்ட பொருள் என்பதால் இன்டர்னல்எலிமென்ட் என்று கேட்டு உறையைப் பிரிக்கவேண்டும். 4, 5, 12-ஆம் பதில்களில் சொன்னவை இங்கேயும் பொருந்தும்.

ஒரு முறை ஏற்றிய டிஎல்எல்-ஐ, மூடும்வரை ரெவிட் விடாது. சிறு திருத்தத்துக்கும் மூடித் திறக்கவேண்டும். ரெவிட் 2025 டாட் நெட் 8-க்கு மாறிவிட்டதால், டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8-க்குக் கட்டிய பழைய டிஎல்எல்-ஐ மறுபடி கம்பைல் செய்து தருவதுதான் பாதுகாப்பு. பைதான் நோடுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

19. என் ரெவிட்ல ஓடுது, நண்பர் ரெவிட்ல ஓடலை. நிரல் ஒண்ணுதான்.

பதிப்பு மாறியிருக்கும். பழைய ஆட்-இன்களில் அதிகம் இடறுவது இரண்டு. டிஸ்பிளேயூனிட்டைப், டியூடி என்று தொடங்கும் அலகுகள் ரெவிட் 2021-இல் கைவிடும் பட்டியலுக்குப் போய், 2022-இல் நீக்கப்பட்டன, இப்போது யூனிட்டைப்ஐடி.மில்லிமீட்டர்ஸ். எலிமென்ட்ஐடி 2024-இல் 64 பிட் ஆனது. இன்டிஜர்வேல்யூ என்று இருக்கும் இடங்களில் வேல்யூ என்று எழுதவேண்டும்.

இரண்டு பதிப்புகளிலும் ஓடவேண்டுமென்றால் அப்ளிகேஷனின் வெர்ஷன்நம்பரைப் படித்துப் பிரியுங்கள். அது எண் இல்லை, எழுத்துச்சரம். முழு எண்ணாக்கிய பிறகே ஒப்பிடுங்கள்.

20. அடுத்தவங்க எழுதின நிரலை இப்படி மாத்திப் பயன்படுத்தலாமா?

நிரலோடு வரும் உரிமத்தைப் படியுங்கள். எம்ஐடி உரிமம் என்றால் மாற்றலாம், பகிரலாம். மூல உரிமக் குறிப்பைப் பைதான் நோடின் தலையில் கமெண்டாக வைத்துவிடுங்கள். உரிமமே இல்லாமல் இணையத்தில் கிடக்கும் நிரல் பொதுச்சொத்து அல்ல, எழுதியவரிடம் கேளுங்கள். மொழியை மாற்றியதால் அது உங்களுடைய நிரல் ஆகிவிடாது.

21. மாத்தவே கூடாத ஆட்-இன் எது?

ரெவிட் திறந்ததிலிருந்து பின்னணியில் காத்திருப்பவை. கோப்பைச் சேமிக்கும்போது சோதிப்பது, சுவர் நகர்ந்தவுடன் விளக்கை நகர்த்துவது போன்ற நிகழ்வுகளும் அப்டேட்டர்களும் ஐஎக்ஸ்டர்னல்அப்ளிகேஷனில் பதிவாகி, ரெவிட் மூடும்வரை உயிரோடு இருக்கவேண்டியவை. டைனமோ கிராஃப் ஓடி முடிந்ததும் அடங்கிவிடும். பைதான் நோடிலிருந்து நிகழ்வைப் பதிவு செய்யலாம்தான். ஆனால் ஒவ்வொரு ரன்னிலும் இன்னொரு பதிவு சேர்ந்து, ஒரு சேமிப்புக்கு ஐந்து முறை சோதனை ஓடும். நிறுத்த ரெவிட்டையே மூடவேண்டிவரும்.

திறந்தபடியே இருந்து மாடலோடு பேசிக்கொண்டிருக்கும் பக்கப் பலகைகளும் இந்த வகைதான். ரிப்பனில் ஒரு பொத்தான் மட்டும்தான் வேண்டும், நிரலும் பைதானில் போதும் என்றால் பைரெவிட் பொருத்தமாக இருக்கும். அங்கே நீங்கள் சொந்த டிரான்சாக்ஷன் திறக்கலாம், உறை பிரிக்கும் வேலையும் இல்லை. 4, 5-ஆம் பதில்களை மறந்துவிடலாம். 6-ஆவதை மட்டும் மறக்காதீர்கள், அங்கேயும் அடிக்கணக்குதான்.